பட்டியும் பண்ணையும்: கம்பம் பள்ளத்தாக்கில் கால்நடைகள் மீதான ஊர் அதிகாரம்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பத்தை அடுத்துள்ள பேரூராட்சி காமயகவுண்டன்பட்டி. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று சுற்றியுள்ள ஊர்ப் பெயர்கள் பலவும் இதே போல முடிகின்றன. ‘பட்டி’ என்றால் சிற்றூர். ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டிதான். எத்தனை உருப்படி, எந்த மாதத்தில், யார் நிலத்தில் மேயலாம், எங்கே அடைக்கலாம் என்பதை இந்த ஊர்கள் நெடுங்காலம் தாங்களே முடிவு செய்துவந்தன. அந்த அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பதைப் பார்த்தால், இன்று பெரிய கோழிப்பண்ணை ஒன்று வரும்போது ஊருக்கு எவ்வளவு சொல்லுரிமை மிஞ்சியிருக்கிறது என்பது விளங்கும்.

ரசாயன உரம் வருவதற்கு முன் கால்நடையின் முதன்மையான பயன் எருதான். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடையோ மாட்டுக்கிடையோ மறிப்பார்கள். இரவு முழுதும் விழும் சாணமும் புழுக்கையும் கோமியமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். நிலக்காரர் கிடைக்குக் கூலியாகத் தானியம் அளப்பார். 1895-இல் பெரியாறு அணை நீர் பள்ளத்தாக்குக்கு வந்து, வயல்கள் இருபோகமானபோது இந்த ஏற்பாடு மேலும் இறுக்கமானது. வயல் சும்மா கிடக்கும் நாட்கள் குறைந்தன. விதைப்பு தொடங்கியதும் மந்தை மலையடிவாரத்துக்கு ஏறியாக வேண்டும். அறுப்பு முடிந்ததும் இறங்கலாம். எழுத்தில் இல்லாத இந்த விதியை மீறியவர் ஊர்ப் பொதுவில் குற்றம் கட்டினார். இதை முழு ஜனநாயகம் என்று கருதிவிடக் கூடாது. முடிவெடுத்தவர்கள் நிலமும் சாதிப் பெருமையும் உடையவர்கள். மேய்த்தவர்களின் குரலுக்கும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் குரலுக்கும் அங்கே இடமிருக்கவில்லை.

இந்தக் கூட்டுப் பொறுப்பின் மிகப் பழைய வடிவம் கம்பத்தில் இன்னும் இருக்கிறது. நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழு, கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தின் பொது மந்தை. வேண்டுதலாக விடப்படும் கன்றுகள் அங்கே வளர்கின்றன. மந்தையின் தலைமை பட்டத்துக் காளைக்கு. புதிய பட்டத்துக் காளையைத் தேர்ந்தெடுக்க மந்தையின் முன் கரும்பை வைத்து, எந்தக் காளை வந்து தின்கிறது என்று பார்க்கும் வழக்கத்தை ஆங்கிலேயர் கால இனவரைவியல் நூல்கள் பதிவு செய்துள்ளன. தனியாருக்கு உரிமையில்லாத, விற்பனைக்கு வராத, ஒரு சமூகமே கணக்குச் சொல்லும் மந்தை அது. மாட்டுப் பொங்கலன்று தொழுவில் கூடும் கூட்டம் அதற்குச் சாட்சி.

முதல் பெரிய முறிவு 1882-இன் சென்னை வனச் சட்டம். பள்ளத்தாக்கை ஒட்டிய மேகமலைச் சரிவுகள் ஒதுக்கப்பட்ட காடுகளாயின. ஊர் முடிவு செய்துவந்த மேய்ச்சல், வனத்துறை தரும் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது. மாகாணம் முழுதும் எழுந்த மனக்குறைகளை 1913-இல் வனக் குழு ஒன்று ஆராய்ந்தது. ஊருக்கு அருகிலுள்ள காடுகளை அந்தந்த ஊர்களே நிர்வகிக்க வனப் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டன. மேய்ச்சலை முறைப்படுத்தும் பொறுப்பை அரசே ஊருக்குத் திருப்பிக் கொடுத்த அரிய தருணம் அது, நிலைக்கவில்லை.

சமவெளியில் 1871-இன் கால்நடை அத்துமீறல் சட்டம் இருந்தது. பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்துப் பவுண்டியில் அடைக்கலாம். உரிமையாளர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்க வேண்டும். பின்னாளில் பவுண்டிகள் உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன. பல ஊர்களில் பவுண்டி ஏலம் பஞ்சாயத்தின் வருமானங்களில் ஒன்றாக இருந்தது. ஆக, கால்நடை தொடர்பாக உள்ளாட்சிக்குச் சட்டம் கொடுத்த முதல் அதிகாரம் கட்டை அவிழ்த்து ஓடிய மாட்டின் மீதானது. இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். பிற்காலச் சிக்கல் முழுதும் கட்டிய இடத்தைவிட்டு நகராத உயிர்களால் வந்தது.

உயிர்களை ஓரிடத்தில் அடைத்து வளர்க்கும் தொழிலுக்கான சட்டக் கருவியும் பழையதுதான். 1920-இன் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 249-ஆம் பிரிவு, அபாயகரமான, அருவருப்பூட்டும் தொழில்களை உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் நடத்தக் கூடாது என்றது. 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 159-ஆம் பிரிவு அதே வேலையைச் செய்கிறது. 160-ஆம் பிரிவு ஆலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் அனுமதி கேட்கிறது. 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் ஈ, வாடை, தேங்கிய கழிவு போன்ற தொல்லைகளை அகற்ற உள்ளூர்ச் சுகாதார அலுவலருக்கு வழி தருகிறது. இவை எழுதப்பட்டபோது மனத்தில் இருந்தவை தோல் ஊறவைக்கும் தொட்டியும் எலும்புக் கிடங்கும் ஊருக்குள் நாலைந்து மாடு கட்டிய பால்காரர் கொட்டிலும்தான். ஒரே கூரையின் கீழ் பல்லாயிரம் உயிர்கள் இருக்கும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

அந்தக் கூரை தமிழகத்தில் இரு வடிவங்களில் வந்தது. ஒன்று நாமக்கல்லின் முட்டைக்கோழிக் கூண்டு. மற்றொன்று 1990-களில் உடுமலை, பல்லடம் வட்டாரத்திலிருந்து பரவிய கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கோழியினம் ஏறத்தாழ 12 கோடி, நாட்டிலேயே முதலிடம். ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், உழைப்பு, கடைசியில் மிஞ்சும் எரு ஆகியவை விவசாயியுடையவை. சுமார் ஆறு வாரத்தில் கோழி லாரி ஏறும். விவசாயிக்கு எடைக்கேற்ற வளர்ப்புக் கூலி கிடைக்கும். வாடையையும் ஈக்களையும் பற்றி ஊர் முறையிடும்போது, எதிரே நிற்பவர் அதே ஊரின் சிறு விவசாயி. கொட்டகைக்காக வங்கிக் கடன் வாங்கியிருக்கும் அவரும் நெருக்கடியில் இருப்பவர்தான். எத்தனை குஞ்சு, எப்போது, எந்தத் தீவனம் என்று முடிவு செய்யும் நிறுவனமோ ஊரின் கண்ணுக்கே தெரிவதில்லை. ஊர்க் கட்டுப்பாட்டைச் சட்டத்தைவிட அதிகமாகப் பலவீனப்படுத்தியது இந்தப் பிரிவினைதான்.

காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்களில், கிராம ஊராட்சிகளுக்குரிய 11-ஆம் அட்டவணை கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை, கோழி வளர்ப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நகர்ப்புற அமைப்புகளுக்குரிய 12-ஆம் அட்டவணையிலோ கால்நடைப் பவுண்டியும் இறைச்சிக்கூடமும் உண்டு, பண்ணை இல்லை. பேரூராட்சி என்பதால் காமயகவுண்டன்பட்டி 12-ஆம் அட்டவணையில் வருகிறது. திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஓர் ஊரை, கால்நடை வளர்ப்பு விஷயத்தில் நகரமாகக் கொள்வது பொருத்தமற்றது. 2004-இல் தமிழக அரசு 30,000-க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றி, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கியது. அந்த மாற்றங்களின்போது பேசப்பட்டவை நிதியும் மானியமும். எந்தத் தொழிலின் மீது எந்த மன்றத்துக்கு அதிகாரம் என்பது பேசப்படவில்லை.

பண்ணைகளின் மீதான உண்மையான கட்டுப்பாடு இதற்கிடையே மேலே போய்விட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்கள் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், நீர்நிலையிலிருந்து 100 மீட்டர் விலக்கம் கேட்டன. ஆனால் 1 லட்சத்துக்கும் குறைவான கோழிகள் கொண்ட பண்ணைகளுக்கு வாரியத்தின் இசைவாணை தேவையில்லை என்ற தளர்வும் இருந்தது. ஒப்பந்தக் கொட்டகைகள் பெரும்பாலும் சில ஆயிரம் குஞ்சு கொள்பவை. ஓர் ஊரைச் சுற்றிப் பத்துக் கொட்டகைகள் இருந்தாலும் ஒன்றுகூட அந்த வரம்பைத் தொடாது. 2020 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தளர்வை மறுஆய்வு செய்யச் சொன்னது. அதன்பின் வந்த வழிகாட்டுதல்கள் 5,000 பறவைகள் கொண்ட பண்ணைகளையும் கணக்கில் எடுத்தன. முன்னேற்றம்தான். ஆனாலும் அனுமதி தருவது வாரியம். ஊர் மனு கொடுக்கலாம். மனுவுக்குப் பயனில்லையென்றால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் பொதுத் தொல்லை வழக்கு: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. பண்ணை வந்து, தொல்லை தொடங்கிய பிறகே பெரும்பாலும் இந்தக் கதவு திறக்கும்.

மலைக்கு அப்பால் நிலைமை வேறு. குமுளி வழியாகச் சென்றால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே 2012-இல் வந்த கால்நடைப் பண்ணை உரிம விதிகளின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மாடோ பன்றியோ கோழியோ வளர்க்கக் கிராமப் பஞ்சாயத்தின் உரிமம் வேண்டும். எருக்குழி, கழிவு அகற்றும் முறை எல்லாம் உரிமத்தின் நிபந்தனைகள். சிறு விவசாயிகளுக்குச் சுமை என்ற குரல் எழுந்து, எண்ணிக்கை வரம்புகள் பின்னர் தளர்ந்தன. ஆனாலும் பண்ணை தொடங்கும் முன் ஊர் மன்றத்தைக் கடக்க வேண்டும் என்ற கொள்கை நின்றது. தொலைவில் அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான வரலாறு. பன்றிப் பண்ணைகள் பெருகிய அயோவாவில், கவுன்டி எனப்படும் உள்ளாட்சிகள் போட்ட விதிகள் மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று 1998-இல் அதன் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மிசௌரியில் 2019-இன் சட்டம், மாநில விதியைவிடக் கடுமையான விதியைக் கவுன்டிகள் போடுவதைத் தடுத்தது. 2023-இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் அண்மைக் காலத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டைச் சந்தித்தவை பண்ணைகள் அல்ல, மலைக்காட்டில் மேயும் மலைமாடுகள். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, அதே மாதத்தில் அதைக் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2006-இன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது. ஆனால் பழங்குடியல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்விட ஆதாரம் காட்ட வேண்டும். கிடைக்கும் தொழுவுக்கும் இடையே வாழ்ந்தவர்களுக்கு அத்தகைய காகிதம் எளிதில் கிடைக்காது.

உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தமிழகப் பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, அதிகாரிகளே நிர்வகித்தனர். பண்ணை விதிகள் மறுஆய்வுக்கு வந்ததும், புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் அந்த இடைவெளியில்தான். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் மன்றங்கள் திரும்பின. கிராமசபைக்கு ஈடாக நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் அதே ஆண்டு நவம்பர் 1 அன்று முதன்முறையாகக் கூடின. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1920-இன் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது.