கஞ்சித்தொட்டியிலிருந்து பெருங்குடி வரை

போன வாரம் எங்கள் வீட்டு தபால் பெட்டியில் ஒரு வழவழ துண்டுப்பிரசுரம் கிடந்தது. மூத்தோருக்கான குடியிருப்பு ஒன்றின் விளம்பரம். வாழ்வின் இலையுதிர் காலத்தை அங்கே வந்து கழிக்கும்படி அழைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் இலையுதிர் காலம் என்று ஒரு காலமே கிடையாது. பழந்தமிழர் ஆறு பருவம் சொன்னார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதில் இலை உதிர்வதற்கென்று தனியாக ஒன்று இல்லை. பெருங்குடியில் எங்கள் தெருமுனை வேப்பமரம் மாசியில் இலையைக் கொட்டும், பங்குனியில் துளிர்த்துவிடும். சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்கு வேப்பம்பூவும் தந்துவிடும். எழுபத்து நான்கு வயதில் எனக்கு அப்படித் துளிர்க்க வழியில்லை என்பது வேறு விஷயம்.

பிரசுரத்தைக் குப்பையில் போடப் போனேன். என் மனைவி வாங்கி மடித்து, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். அதிலிருந்துதான் இந்தப் பதிவு. நமக்கு முன்னால் சென்னையில் வயதானவர்கள் எங்கே இருந்தார்கள், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

எல்லோரும் "அந்தக் காலத்தில் முதியோர் இல்லமா இருந்தது? கூட்டுக் குடும்பம் சார்" என்பார்கள். இருந்தது. இருநூற்று நாற்பது வருஷமாக இருக்கிறது.

1780-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. சென்னையைச் சுற்றிய ஊர்களில் விளைச்சல் அழிந்தது, ஏரிப்பாசனம் கெட்டது, ஜனங்கள் பிழைப்புத் தேடி கோட்டைப் பக்கம் ஓடி வந்தார்கள். பஞ்சம். அப்போது 1782-ல் வடசென்னையில், ஊர் மணியக்காரர் ஒருவர் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். மணியக்காரர் சத்திரம் வெள்ளைக்காரர் வாயில் 'மோனிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. ஜனங்கள் வாயில் 'கஞ்சித்தொட்டி'. பஞ்சம் தீர்ந்ததும் தெம்புள்ளவர்கள் ஊர் திரும்பினார்கள். திரும்ப ஊரோ உறவோ இல்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களில் யார் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நடக்க முடியாதவர்கள், நோயாளிகள், கிழவர்கள், கிழவிகள்.

நோயாளிகள் இருந்ததால் வைத்தியர் வந்தார். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. 1930-களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனாலும் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் வெகுகாலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொன்னார்கள். ஆஸ்பத்திரி பெரிதாகி மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. சத்திரமோ சத்தமில்லாமல், ஆதரவற்ற முதியோருக்கான இடமாகவே நின்றுவிட்டது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், அந்தப் பக்கம் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றாததும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பகுதிதான்.

1812-ல் 'ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி' வந்தது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஏழைகளுக்காகத் தொடங்கியது. பிற்பாடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் முதியோர் இல்லம் நடத்தினார்கள். பிரான்சில் 1839-ல் ஜான் ஜுகான் என்ற பெண்மணி கண் தெரியாத ஒரு கிழவியைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்ததில் பிறந்த கன்னியர் சபை, 1882-ல் கல்கத்தாவுக்கு வந்தது. பிறகு நம் சேத்துப்பட்டுக்கும். இவை எல்லாவற்றிலும் ஒரே பொருத்தம்: வருகிறவருக்கு வேறு யாரும் இல்லை. அதனால்தான் நம் மனசில் 'முதியோர் இல்லம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'அனாதை' என்ற சொல்லும் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் எந்த அம்மாவாவது பிள்ளையிடம் கோபித்துக்கொண்டால் "என்னைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுடு" என்றுதான் சொல்கிறாள். அது வாழ்விடத்தைப் பற்றிய பேச்சு அல்ல, சாபம்.

சரி, வீட்டோடு இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள்?

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அத்தைப்பாட்டி இருந்தார். என் அப்பாவின் அத்தை. பதினோரு வயதில் கணவனை இழந்தவர். கணவர் முகம் ஞாபகமில்லை என்று என் அம்மாவிடம் ஒருமுறை சொன்னாராம். அவருடைய இளம் வயதில்தான் சகோதரி சுப்புலட்சுமி ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து ஐஸ் ஹவுஸ் நடக்கிற தூரம். அனுப்பவில்லை. அண்ணன் வீட்டில் சமையல், அப்புறம் அண்ணன் பிள்ளை வீட்டில் சமையல். ரேழியில் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, அதுதான் அவர் சொத்து. நாங்கள் யாரும் அவரை அடித்ததோ திட்டியதோ இல்லை. கடைசிவரை சோறு போட்டோம், 1968-ல் முறைப்படி காரியம் செய்தோம். ஊரே "நன்றாக வைத்துக்கொண்டார்கள்" என்றது.

ஆனால் ஒன்று. ஐம்பது வருஷம் அந்த அடுப்படியில் நின்றவரிடம் "இன்றைக்கு உங்களுக்கு என்ன சமைக்கலாம்?" என்று யாராவது கேட்டோமா? நான் கேட்டதாக ஞாபகமில்லை. எனக்குப் பதினேழு வயது, கேட்டிருக்கலாம். கூட்டுக் குடும்பத்தைப் பற்றி யாராவது உருகும்போதெல்லாம் எனக்கு அந்த ரேழிதான் கண்ணில் தெரிகிறது.

இதை எழுதும்போது ஒரு ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் சினிமா பார்ப்பது எல்லாம் உங்கள் இஷ்டம் என்றார்கள். ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அவர்களே தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் கவலை வேண்டாம், ஊழியர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக, சந்தோஷமாக இருந்தார்கள். இரண்டு மாடிக்கும் சாப்பாடும் கட்டிலும் ஒன்றுதான்.

நம் சரித்திரத்துக்குத் திரும்புகிறேன். எனக்கு முக்கியமாகப் படுகிற வருஷம் 1962. காமராஜர் காலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. இப்போது கேலியாகத் தெரியலாம். ஆனால் கிழவி கையில் அவள் பெயருக்கு மணியார்டர் வருகிறது என்றால் அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மரியாதை. (2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது.) அடுத்தது 1982 டிசம்பர் 17. ஓய்வூதியர் யாருக்கும் இந்த தேதியைச் சொல்ல வேண்டியதில்லை. நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் பிச்சை அல்ல, ஊழியரின் உரிமை என்றது. சத்திரத்துக் கஞ்சிக்கும் இதற்கும் இருக்கிற தூரத்தை யோசித்துப் பாருங்கள். முதல் தேதி வங்கிக் கணக்கில் பணம் விழுகிற கிழவன், கையேந்தாமல் தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ள முடியும் என்பது இந்த நாட்டில் புதுச் செய்தி.

நடுவில் 1978 என்று ஒரு வருஷம். எங்கள் பெருங்குடிக்கு பக்கிங்காம் கால்வாயின் அந்தப் பக்கம், பாலவாக்கத்தில், 'விச்ராந்தி' தொடங்கியது. ஆதரவற்ற வயதான பெண்களுக்கு, இலவசமாக. தொடங்கியவர்கள் பெரிய மடமோ மில் முதலாளியோ இல்லை. சாவித்திரி வைத்தி என்ற குடும்பத் தலைவியும் அவர் தோழிகளும். 1971-லிருந்து 'மண்டே சாரிட்டி கிளப்' என்று சங்கம் வைத்து தர்ம காரியங்கள் செய்துகொண்டிருந்தவர்கள். நடுத்தர வர்க்கத்து மாமிகள், அடுப்படி வேலை முடிந்த மிச்ச நேரத்தில் ஓர் இல்லத்தையே எழுப்பிவிட்டார்கள். அதே 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கினார். 'வயசானா அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பாமல், முதுமைக்கென்று ஒரு மருத்துவம் உண்டு என்று காட்டியவர். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேற்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு நான் முழங்காலைக் காட்டப் போனபோது இந்த வரிசையெல்லாம் எனக்குத் தெரியாது. வரிசையில் டோக்கனோடு நின்றதுதான் தெரியும்.

1989-ல் பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' வந்தது. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தக் கிழவர், ஊரில் மனைவி இறந்தபின் சென்னைக்கு உறவினர் வீட்டுக்கு வருகிறார். சின்ன வீடு, பற்றாக்குறைச் சம்பளம். யாரும் கெட்டவர்கள் இல்லை. இருந்தும் அவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். தூர்தர்ஷனில் பார்த்துவிட்டு என் அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

அப்புறம் நடந்தது நாம் எல்லோரும் பார்த்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பெருங்குடி தொழிற்பேட்டைச் சாலை ஓ.எம்.ஆர். ஆனது. நம் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தார்கள், அங்கிருந்து நியூ ஜெர்சிக்கும் சிட்னிக்கும் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல். நாடு முழுவதற்கும் எட்டரைதான். பணம் உண்டு, பிள்ளைகள் உண்டு, பக்கத்தில் ஆள் இல்லை என்ற புது ஜாதி உருவானது. கோவைக்காரர்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். தட்பவெப்பம், ஆஸ்பத்திரி, சிறுவாணித் தண்ணீர் மூன்றையும் காட்டி ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்புகளை எழுப்பினார்கள். சென்னை பின்னாலேயே வந்தது.

இங்கே நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒருவர் தி.நகர் வீட்டை விற்று, இப்படி ஓர் இடத்தில் பெரிய தொகையை வைப்பாகக் கட்டினார். சொன்ன டாக்டரும் வரவில்லை, சொன்ன சாப்பாடும் வரவில்லை. வெளியே வருகிறேன் என்றபோது பணம் திரும்ப ஒன்றரை வருஷம் ஆனது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருக்கிறது. கைப்பிடிக் கம்பியிலிருந்து ஒப்பந்தம் வரை அதில் உண்டு. ஒப்பந்தத்தைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டுத் தவிக்கிறவர்களுக்கு 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் நிபந்தனை பத்திரத்தில் இருக்கட்டும். 'அவன் என் பிள்ளைதானே' என்பது பத்திரத்தில் செல்லாது.

இதை எழுதி முடிக்கும்முன் ஒரு காரியம் செய்தோம். ஃபிரிட்ஜ் மேல் இருந்த பிரசுரத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சிட்னியில் இருக்கும் மகளிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் அனுப்பிட்டேன்னு ஊர்ல சொல்லுவாங்களேப்பா" என்றாள். நான் அத்தைப்பாட்டியின் ரேழியைப் பற்றிச் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர், அவளுக்கு அது கதை. எனக்கும் முழுத் தெளிவு இருந்தது என்று சொல்ல மாட்டேன். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே மாதிரித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் வயிற்றில் ஏதோ செய்தது. அடுத்த மேஜையில் ஒரு அம்மாள், ரசத்தில் இன்றைக்கும் புளி தூக்கல் என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் நாளைக்குச் சரியாக வைப்பதாகத் தலையாட்டினார். என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மறுபடி போகிறோம். அளவு டேப் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். என் அம்மாவின் தேக்கு பீரோ அந்த வாசலில் நுழையுமா என்று பார்க்க வேண்டுமாம்.