தண்ணீரை உள்ளே விட்ட மோட்டார்

பழுதான சி.டி. டிரைவ் காயலான் கடைக்குப் போகும்போது, அதற்குள் பழுதே இல்லாத ஒரு மோட்டாரும் சேர்ந்து போகிறது. இரண்டு விரல்களுக்குள் அடங்கிவிடும் அளவு. நடுவில் செம்புக் கம்பி சுற்றிய ஒன்பது பற்கள். அவற்றை மூடியபடி, உட்புறம் காந்தம் பதித்த ஒரு கிண்ணம். மின்சாரம் கொடுத்தால் கிண்ணம் சுழலும், செம்புக் கம்பிக் காயில் அசையாது. இந்த இன மோட்டார் கணினியிலிருந்து வானத்துக்கும் வானத்திலிருந்து தண்ணீருக்கடிக்கும் போன கதை, பெரும்பாலும் அதில் கார்பன் இல்லாததால் நடந்த கதை.

மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்களுக்குக் கார்பன் தெரிந்திருக்கும். அந்த மோட்டாரில் காயில் சுழல்கிறது. சுழலும் காயிலுக்கு மின்சாரம் போய்ச்சேர, இரண்டு கார்பன் கட்டைகள் செம்புப் பட்டைகளின் மேல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உரசும் இடத்தில் பொறி பறக்கும், தூள் உதிரும், கட்டை தேயும். உப்புத் தண்ணீர் புகுந்தாலோ பட்டைகளுக்கிடையே மின்சாரம் கசிந்து செம்பையே அரித்துவிடும். 1962-இல் வில்சன், டிரிக்கி என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள், டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இந்த உரசலையே ஒழிக்கும் மோட்டாரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். காயில் நிற்கும், காந்தம் சுற்றும், எந்தக் காயிலுக்கு எந்த நொடியில் மின்சாரம் என்பதை மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்ளும். பொறியும் தூளும் ஆகவே ஆகாத கணினி டிரைவ்கள் இந்த மோட்டாருக்கு வீடாக அமைந்ததில் வியப்பில்லை.

அங்கிருந்து அதை வெளியே எடுத்தவர்கள் மாதிரி விமானம் பறக்கவிடும் பொழுதுபோக்காளர்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் லூகாஸ், ரெட்ஸ்பாக், கூஃபுஸ் ஆகிய மூவர், கிண்ணம் சுழலும் மோட்டாரைக் கையாலேயே கட்டி விமானத்தில் பொருத்தும் முறையைப் பரப்பினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது எல்.ஆர்.கே. மோட்டார் எனப்பட்டது. சி.டி. டிரைவ் மோட்டார் சும்மா கிடைத்ததால் பலரும் அதில் கைவைத்தார்கள். தொழிற்சாலைக் காயிலை அவிழ்த்துத் தடித்த கம்பியால் புதிதாகக் கட்டினார்கள். கிண்ணத்திலிருந்த பலவீனமான காந்த வளையத்தைப் பெயர்த்துவிட்டு, பன்னிரண்டு நியோடிமியம் காந்தத் துண்டுகளை வட-தென் துருவம் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். ஜப்பானில் மசாட்டோ சகாவா 1982-இல் உருவாக்கிய அந்தக் காந்த வகை அதற்குள் சில்லறையாக வாங்கும் விலைக்கு வந்திருந்தது. தட்டு சுழற்றிய மோட்டார் விமானத்தைத் தூக்கியது. பிறகு சீனத் தொழிற்சாலைகள் இதே அமைப்பை மலிவாகச் செய்து குவித்தன. இன்றைய டிரோன் மோட்டார் அந்த வரிசையில் வந்ததுதான்.

தண்ணீருக்கடியில் வண்டி ஓட்ட நினைத்தவர்கள் அதுவரை வேறொரு கவலையில் இருந்தார்கள். மோட்டாருக்குள் தண்ணீர் வரக் கூடாது. ஆனால் விசிறியைச் சுழற்றும் தண்டு வெளியே வந்தாக வேண்டும். சுழலும் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைப்பது லேசான வேலையல்ல. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நூறு மீட்டரில் பத்து மடங்கு அழுத்தம் அந்த அடைப்பைத் தள்ளும். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் செய்யும் சீபெர்ச் என்ற நீரடி வண்டியில், புகைப்படச் சுருள் டப்பாவுக்குள் சிறு மோட்டாரை வைத்து மெழுகு ஊற்றி அடைப்பார்கள். நீச்சல் குளத்துக்கு அது போதும்.

கலிஃபோர்னியாவின் வடபகுதியில் ஹால் சிட்டி என்றொரு குகை இருக்கிறது. திருடிய தங்கத்தை அதன் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது அந்த ஊர்க் கதை. நாசாவில் பணியாற்றிய எரிக் ஸ்டாக்போலும் அவருடைய நண்பர் டேவிட் லாங்கும் அங்கே இறக்குவதற்காக ஒரு சிறு வண்டி கட்டினார்கள். அதுவே ஓபன்ஆர்.ஓ.வி. 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். குகையில் தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் வண்டியின் மூன்று மோட்டார்களும் விமானப் பொழுதுபோக்குக் கடையில் கிடைக்கும் ரகம். அவற்றை அடைக்காமல் அப்படியே தண்ணீரில் விட்டிருந்தார்கள்.

இது வேலை செய்வதற்குக் காரணம் எளிது. காயில் கம்பிக்கு எனாமல் பூச்சு இருக்கிறது. மின்சாரம் தண்ணீரைத் தொடுவதில்லை. உரசும் இடமும் இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே தண்ணீர் என்பதால் அழுத்த வேறுபாடும் இல்லை. காயிலின் சூட்டைத் தண்ணீரே கொண்டுபோய்விடும். மின்னணுச் சுற்று மட்டும் தனிக் குழாயில் உலர்ந்திருந்தால் போதும். நம் ஊர் போர்வெல் மோட்டாரில் இந்த யுக்தி வெகுகாலமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் செய்யும் நீர் நிரப்பும் ரக மோட்டாருக்குள் நல்ல தண்ணீரை நிரப்பித்தான் குழிக்குள் இறக்குகிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட காயில் கம்பி தண்ணீரிலேயே கிடக்கிறது, சுழலும் தண்டுக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான்.

கடல் அவ்வளவு இரக்கம் காட்டாது. நியோடிமியம் காந்தத்தில் பெரும்பங்கு இரும்பு. மேலே பூசிய நிக்கலில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு உள்ளே போய்விடும். துரு உப்பிக்கொண்டு, மயிரிழை இடைவெளியை அடைத்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். எஃகுப் பேரிங் அதற்கும் முந்திக்கொள்ளும். ஓபன்ஆர்.ஓ.வி. வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் தடவ வேண்டியிருந்தது. சூரிய ஒளியில் ஓடும் சிறு கலத்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு அனுப்ப முயன்ற புளூ ரோபாட்டிக்ஸ் குழு, தாக்குப்பிடிக்கும் மலிவான உந்தி கிடைக்காமல் தானே ஒன்றைச் செய்து 2014-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் அதற்குள்ளும் தாராளமாகப் போகிறது. ஆனால் காயிலுக்கும் காந்தத்துக்கும் எபாக்ஸி பூச்சு, எஃகுப் பேரிங்குக்குப் பதில் தண்ணீரே மசகாகும் பிளாஸ்டிக் புஷ்.

காயலான் கடையில் மோட்டார் தேடுபவருக்கு இந்த இரண்டு மாற்றங்களே பாடம். கூடவே வேகத்தையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் கேவி எண், பந்தய டிரோன் மோட்டாரில் 2000-ஐத் தாண்டும். அதைத் தண்ணீரில் விட்டால் விசிறியைத் திருப்ப முடியாமல் ஆம்பியரை மட்டும் இழுக்கும். காயிலை அவிழ்த்து மெல்லிய கம்பியில் இரண்டு மடங்கு சுற்றுக் கட்டினால் கேவி பாதியாகும். விமானத்துக்கான வேகக் கட்டுப்பாட்டுப் பலகை ஒரு திசையில்தான் சுழற்றும். நீரடி வண்டி பின்னாலும் வர வேண்டும் என்பதால் பலகையின் மென்பொருளையும் மாற்ற வேண்டும்.

மெதுவாக, வலுவாகச் சுழலும் மோட்டார் வேண்டுமென்றால் ஏறி நின்று ஓட்டும் ஹோவர்போர்டின் சக்கரத்தைப் பார்க்கலாம். பேட்டரி தீப்பற்றும் அபாயத்தால் அமெரிக்காவில் 2016 ஜூலையில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். குறை பேட்டரியில், இரண்டு சக்கரங்களுக்குள்ளும் இருந்த மோட்டார்களில் அல்ல. ரப்பர் டயரை உரித்துவிட்டு விசிறியைக் கிண்ணத்திலேயே பொருத்தி, முக்குளிப்போரை இழுத்துச் செல்லும் வண்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கனமானதுதான், ஆனால் பல்சக்கரம் தேவையில்லை.

நீரடி வண்டி ஆய்வுக்கூடங்களைத் தாண்டிப் பள்ளி மாணவர் கைக்கும் வீட்டுப் பட்டறைக்கும் வந்ததற்கு மலிவான கேமராவும் சிறு கணினியும் காரணம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் செலவு வைத்த உறுப்புகளில் ஒன்று, தண்டைச் சுற்றிய அந்த அடைப்பு. அதைச் சிறப்பாகச் செய்யும் வழியை யாரும் மலிவாக்கவில்லை; அது தேவைப்படாத மோட்டார்தான் கிடைத்தது. இன்றைக்கு அந்த மோட்டார் கிலோ கணக்கில் எடைக்குப் போகிறது. வாங்குமுன் கிண்ணத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பில்லாமல் சுழன்றால், எபாக்ஸி வாங்கும் செலவு வீண்போகாது.