ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்: போஸ்ட்கிரெஸ் பதிப்பு மாற்றமும் வட்டு இடமும்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டேட்டா டைரக்டரிக்குள் பிஜி_வெர்ஷன் என்றொரு சின்னஞ்சிறு கோப்பு உண்டு. அதில் இருப்பது பதிப்பு எண் மட்டுமே. 8.3 என்று எழுதியிருக்கும் டைரக்டரியை 8.4 மென்பொருள் திறக்காது. பதிப்பு ஒத்துவரவில்லை என்று பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். 8.4.1-இலிருந்து 8.4.2 போன்ற சிறு திருத்தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மென்பொருளை மாற்றி சர்வரை மறுபடி கிளப்பினால் போதும்.

1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயர் சூட்டப்பட்டதிலிருந்து பல ஆண்டுகள், பெரிய பதிப்பு மாற நம்பகமான வழி ஒன்றுதான்: பழைய சர்வரிலிருந்து தரவு முழுவதையும் எஸ்கியூஎல் கட்டளைகளாக எழுதி எடுத்து, புதியதில் மீண்டும் ஏற்றுவது. இதற்கு 'டம்ப்' என்று பெயர். இன்டெக்ஸ்கள் டம்ப்பில் ஒரு வரிக் கட்டளையாகச் சுருங்கிவிடுவதால் கோப்பு பெரும்பாலும் மூலத்தைவிடச் சிறிதாகவே இருக்கும். ஏற்றும்போது அவை எல்லாம் புதிதாகக் கட்டப்பட வேண்டும். நேரமும் தற்காலிக இடமும் அங்கேதான் கரையும். 300 ஜிபி வட்டில் 200 ஜிபி தரவு வைத்திருப்பவர் பழையதையும் புதியதையும் அருகருகே வைக்க முடியாது. டம்ப்பைப் பைப் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பலாம். அல்லது டம்ப்பை நம்பி, பழைய டைரக்டரியை அழித்துவிட்டு ஏற்றலாம். இரண்டாவது வழி துணிச்சல் அல்ல, சூதாட்டம்.

உண்மையில் இவ்வளவு நகலெடுப்பு தேவையே இல்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறுவது பெரும்பாலும் சிஸ்டம் கேட்டலாக், அதாவது அட்டவணைகளைப் பற்றிய அட்டவணைகள்தான். பயனரின் தரவு உறங்கும் 8 கேபி பக்கங்களின் அமைப்பு அரிதாகவே மாறுகிறது. ப்ரூஸ் மோம்ஜியன் முன்னெடுத்த பிஜி_மைக்ரேட்டர் என்ற கருவி 2009-இல் 8.3-இலிருந்து 8.4-க்கு மாறுவதற்கு இந்த உண்மையைப் பயன்படுத்தியது. 2010-இல் 9.0 வெளியானபோது அதுவே பிஜி_அப்கிரேட் என்ற பெயரில் மூல மென்பொருளோடு சேர்ந்தது. அது அட்டவணைகளின் வரையறைகளை மட்டும் டம்ப் எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றும். தரவுக் கோப்புகளை அப்படியே கொண்டு சேர்க்கும்.

இடம் குறைந்தவர்களுக்கு விடிவு தந்தது இதன் 'லிங்க்' முறை. கோப்பை நகலெடுக்காமல், அதே கோப்புக்குப் புதிய டைரக்டரியில் இன்னொரு பெயரை, அதாவது ஹார்ட் லிங்க்கை, ஏற்படுத்துகிறது. இரு டைரக்டரிகளும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தாக வேண்டும். 200 ஜிபி தரவு சில நிமிடங்களில் மாறிவிடக்கூடும், வட்டில் கூடுதலாகப் போவது மிகக் கொஞ்சம். வேலை முடிந்ததும் பழையதை அழிக்க ஒரு ஸ்கிரிப்டும் கிடைக்கும். அதை ஓட்டியபின் காலியிடம் கூடியிருக்கும் என்று எதிர்பார்த்து 'டிஎஃப்' கட்டளையைப் போட்டுப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான்: அழிந்தது பழைய பெயர்கள், தரவு அல்ல.

விலையும் உண்டு. புதிய சர்வரை ஒருமுறை கிளப்பிவிட்டால், அது அந்தப் பொதுக் கோப்புகளில் எழுதத் தொடங்கிவிடும். பழைய சர்வருக்குத் திரும்ப வழியில்லை. தவறுதலாகக் கிளப்பிவிடாமல் தடுக்க, பழைய பிஜி_கண்ட்ரோல் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'ஓல்ட்' என்று ஒட்டிவைக்கிறது பிஜி_அப்கிரேட். புதியதை இன்னும் தொடாதவரை அந்த ஒட்டை நீக்கிப் பழையதற்கே போகலாம்.

2019-இல் 12-ஆம் பதிப்போடு வந்த 'க்ளோன்' முறை இந்தக் குறையைத் தீர்த்தது. ரீஃப்லிங்க் வசதியுள்ள எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஆகியவற்றில் நகல் உடனே உருவாகும். மாற்றப்படும் பக்கங்களுக்கு மட்டுமே புது இடம் செலவாகும். பழையது கெடாமல் இருக்கும். 2025-இன் 18-ஆம் பதிப்பு சேர்த்த 'ஸ்வாப்' முறை எதிர்த்திசையில் போகிறது: டைரக்டரிகளையே இடம்பெயர்க்கிறது. அட்டவணைகள் ஏராளமாக உள்ள இடங்களில் வேகம் மிகுதி; ஆனால் கோப்பு மாற்றம் தொடங்கிய கணமே பழைய சர்வர் கதை முடிந்தது. பேக்கப் வைத்திருந்தால் மட்டுமே மீளமுடியும்.