மூணு புள்ளி, ஒரு கை: சீட் பெல்ட் வந்த கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட தொடங்குறேன். முதல் கார் வாங்கினப்ப, பெல்ட் போடலைன்னா அடிக்கிற 'பீப்' சத்தத்தை நிறுத்த ஆன்லைன்ல ஒரு கிளிப் வாங்கிச் சொருகினேன். எரரை சரி பண்ணாம அலர்ட்டை மட்டும் மியூட் பண்ற வேலை. ஆபீஸ்ல வேற யாராவது அப்படிச் செஞ்சா நானே திட்டுவேன்.

அந்த பெல்ட்டோட வரலாறைப் படிச்ச பிறகுதான் உறைச்சது.

கார் 50 கி.மீ. வேகத்துல சுவத்துல மோதினா, கார் நின்னுடும். உள்ள இருக்குற நாம அதே 50-ல முன்னாடி போவோம். 1950-கள்ல பெல்ட் இருந்த கார்கள்லயும் பெரும்பாலும் இடுப்பு பெல்ட்தான். அது நெஞ்சையும் தலையையும் பிடிக்காது. வயித்து மேல ஏறினா உள்ளுறுப்புகளையும் கிழிக்கும்.

1958-ல ஸ்வீடன்ல வோல்வோ நிறுவனம் நில்ஸ் போலின் என்ற பொறியாளரை வேலைக்கு எடுத்தது. அதுக்கு முன்னாடி அவர் சாப் நிறுவனத்துல போர் விமானங்களுக்கு எஜெக்‌ஷன் சீட் வடிவமைச்சவர். விமானி எத்தனை பட்டை வேணும்னாலும் கட்டிக்குவார். கடைக்குக் கார்ல போறவர் கட்டிப்பாரா? அதனால போலின் எடுத்த சவால்: ஒரே கையால மாட்டணும். தோள்ல ஒரு பட்டை, இடுப்புல ஒரு பட்டை, ரெண்டும் இடுப்புப் பக்கத்துல ஒரே இடத்துல சேரும். மோதலோட வேகம் வயித்துல இல்லாம நெஞ்செலும்பு, இடுப்பெலும்பு மாதிரி வலுவான இடங்கள்ல இறங்கும். 1959-ல இது காரோட விற்பனைக்கு வந்தது. காப்புரிமையை வோல்வோ மத்த நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது.

மக்கள் போட்டாங்களா? லேசுல இல்ல. 1967-ல போலின் ஸ்வீடன்ல நடந்த 28,000 விபத்துகளோட ஆய்வை வெளியிட்டார். பெல்ட் போடாதவங்க எல்லா வேகத்துலயும் இறந்திருந்தாங்க. போட்டவங்கள்ல மணிக்கு 60 மைலுக்குக் கீழ ஒருத்தர்கூட இறக்கல. 1970-ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது.

சரி, பின்னாடி இருந்து வண்டி மோதினா? சீட் நம்ம முதுகை முன்னாடி தள்ளும், தலை பின்தங்கும், கழுத்து பின்பக்கம் வளையும். அதைத் தடுக்கத்தான் ஹெட்ரெஸ்ட். தூங்குறதுக்கு இல்ல! அமெரிக்கா 1969 முதல் புதுக் கார்களோட முன் சீட்டுல அதைக் கட்டாயமாக்கியது. கழுத்துக்கு நேரா இறக்கி வெச்சா பிரயோஜனம் இல்ல, உச்சந்தலை உயரத்துக்கு ஏத்தி வைங்க.

2023-ல நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நான் வாங்கின மாதிரி கிளிப்களை விற்பனையிலிருந்து நீக்கச் சொல்லி இணையத் தளங்களுக்கு உத்தரவு போட்டது. என்னோடது அதுக்கு முன்னாடியே குப்பைக்குப் போயிடுச்சு. இப்போ பின் சீட்ல அம்மா உட்கார்ந்தாலும், "பெல்ட் போட்டாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். "பக்கத்துலதானேடா போறோம்"னு அம்மா சொல்வாங்க. போட்டும் விடுவாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.