ஆறு பேருக்கு மட்டும் வேலை

1942-லிருந்து 1967 வரை என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் மொத்தமே ஆறு அணிகள்தான். பெரும்பாலும் ஒரு அணிக்கு ஒரே கோல்கீப்பர். அப்படின்னா உலகத்துலயே ஆறு வேலை!

ஜானி பௌவர் என்ற கனடாக்காரர் 1945-லிருந்து க்ளீவ்லேண்டில் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். 1953-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கூப்பிட்டது. முந்தின சீசனில் சிறந்த புதுமுகம் விருது வாங்கிய கம்ப் வோர்ஸ்லியை வான்கூவருக்கு அனுப்பிட்டு இவரை நிறுத்தினாங்க. 70 ஆட்டத்திலும் பௌவர்தான். அடுத்த வருஷம் அப்படியே உல்டா: வோர்ஸ்லி உள்ளே, பௌவர் வான்கூவருக்கு. ரெண்டு பேருமே நல்லாத்தான் ஆடினாங்க, அதுதான் கொடுமை. (ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்சுல உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வலித்தது.)

மறுபடி ப்ராவிடன்ஸ், க்ளீவ்லேண்ட். 1956, 57, 58 மூன்று வருஷமும் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் இவரே. 1958-ல் டொராண்டோ எடுத்தபோது வயது 33. போகவே தயங்கினார். தயங்காம என்ன செய்வார், ஒரு தடவை சூடு பட்டவராச்சே!

போனார். 1962, 63, 64, 67-ல் ஸ்டான்லி கோப்பை. பெரும்பாலும் முகமூடி இல்லாமலேயே நின்றவர். கடைசி ஆட்டம் 1969 டிசம்பரில், 45 வயதில்.