பழைய படத்தில் முகம் ஏன் கறுப்பாக இருக்கிறது?



2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோது தோட்டப்புறத்துப் பழைய புகைப்படங்கள் முகநூலில் நிறைய வலம் வந்தன. இன்றும் வருகின்றன. பலவற்றில் சேலையும் தலைத்துண்டும் வெள்ளையாகத் தெரியும். முகம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் இருக்கும். வெயிலில் கறுத்த சனம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். அந்தக் கறுப்புக்கு வேறொரு காரணமும் உண்டு.

1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரக் கொலோடியன் முறையை அறிமுகப்படுத்தினார். கண்ணாடித் தட்டில் வெள்ளி உப்பு ஏற்றி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். அந்தத் தட்டு நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும். சிவப்பையும் மஞ்சளையும் பெரும்பாலும் பிடிக்காது. பின்வந்த உலர் தட்டுகளுக்கும் நெடுங்காலம் இதே குணம்தான். அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாகும். மண்ணிறத் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிட மிகவும் இருண்டு விழும்.

அந்த முறையில் படமெடுத்த ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கடலோரக் களுத்துறையிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். 1879 ஜனவரியில் இறந்த கமரூனின் கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. 1877இல் களுத்துறையில் அவர் எடுத்த ஒரு படத்தில் இருப்பவர் ஓவியர் மேரியன் நோர்த். அந்தப் பெயர் படத்தோடு நிற்கிறது. அதே ஊர்க் குடியானவர்களின் படத்திலோ சிறுமிக்கு வயது 12, கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்ற குறிப்பு இருக்கிறது. பெயர் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது முகம் மட்டும்தான்.

அப்படிப்பட்ட முகத்தைக் கணினியில் திருத்தும்போது கவனம் வேண்டும். போட்டோஷொப், கிம்ப் இரண்டிலும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபு உண்டு. அதில் 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. மங்கிய படத்தில் எல்லாம் நடுவில் ஒடுங்கிக் குவிந்திருக்கும். லெவல்ஸில் இரு முனைகளையும் அந்தக் குவியலின் ஓரம்வரை நகர்த்தினால் படம் தெளியும். பலர் அத்தோடு நிற்காமல் கொன்ட்ராஸ்டையும் கூட்டிவிடுகிறார்கள். சேலை பளிச்சென்று வரும். ஏற்கெனவே இருண்ட முகம் 0இல் விழுந்து கண்ணும் மூக்கும் அழிந்துவிடும். அதற்குப் பதிலாகக் கர்வ்ஸில் இருண்ட பகுதியை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். கன்னச் சுருக்கம், மூக்குத்தி என்று தட்டில் பதிந்திருந்தவை மேலே வரும். பதியாதது வராது.

இப்போதுள்ள சில செயலிகள் பதியாததையும் கற்பனையாக நிரப்பி, தோலையும் வெளுப்பாக்கித் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது அந்தப் பாட்டியின் முகமல்ல. அன்று இரசாயனம் கறுப்பாக்கி மறைத்தவர்களை இன்று நாம் வெளுப்பாக்கி மறைக்கிறோம்.

லயத்து வீடுகளில் பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்த முதல் பிரதியைத் தொடாமல் டிஃப் கோப்பாகத் தனியே வையுங்கள். திருத்தமெல்லாம் நகலில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே வரும். அதை மூலமாக வைத்துக்கொள்ள வேண்டாம். படத்தில் இருப்பது யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் கேட்டு எழுதிவிடுங்கள். அவற்றை எந்த மென்பொருளாலும் தர முடியாது.