பேச்சு போனவரைக் கட்டில்லயே விட்டுடாதீங்க

1/
இன்னைக்குக் கொஞ்சம் மருத்துவ வரலாறு. பழவேற்காட்டு ஏரிக்கரையில இருந்து ஆரம்பிப்போம்.

ஒரு மீனவரை நினைச்சுக்கோங்க. வயசு 55. ஆழம் குறைவான ஏரியில கழி ஊன்றிப் படகு தள்ளியே உரமேறின கை. திடீர்னு ஒரு நாள் பக்கவாதம். உயிர் பிழைச்சுட்டார். ஆனா வலது கை, கால் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு.

2/
வீட்ல என்ன நடக்கும்? "பாவம், அவருக்கு ஒண்ணும் புரியல, படுத்திருக்கட்டும்"னு மூலையில கட்டில் போட்டுடுவாங்க. ஏரியில யார் எங்க வலை கட்டணும்னு முறை வச்சுப் பிரிக்கிற 'பாடு' பத்தின பேச்சுல இனி அவர்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

இதுல ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு, 'புரியல'ங்கிறது. இன்னொண்ணு, 'படுத்திருக்கட்டும்'ங்கிறது. இதைப் புரிஞ்சுக்க மருத்துவத்துக்கே 200 வருஷத்துக்கு மேல ஆச்சு.

3/
1745. பழவேற்காட்டுல டச்சுக்காரங்களோட கெல்டிரியா கோட்டை இருந்த காலம். ஸ்வீடன்ல ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். வலது பக்கம் செயலிழந்து பேச்சை இழந்தவர். ஆனா பழகின தேவாலயப் பாட்டை வார்த்தையோட பாடினார்! பேச்சுக்கு ஒரு வழி அடைச்சாலும் இன்னொரு வழி திறந்திருக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.

4/
1861, பாரிஸ். மருத்துவர் பால் ப்ரோக்காகிட்ட வந்த ஒரு நோயாளிக்கு "டான்"ங்கிற ஒலியைத் தவிர வேற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. ஆனா மத்தவங்க சொன்னதில பெரும்பகுதி அவருக்குப் புரிஞ்சது. அவர் இறந்த பிறகு பார்த்தா, மூளையின் இடது முன்பகுதியில சேதம்.

1874-ல கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விளக்கினார். இதுல பேச்சு சரளமா வரும், ஆனா மத்தவங்க பேசுறது சரியாப் புரியாது. ரெண்டுமே அஃபேசியா. ரெண்டுமே பைத்தியம் இல்லை.

5/
அடுத்தது 'படுத்திருக்கட்டும்'. இதை மாத்தினவங்கள்ல நம்ம வேலூர்க்காரங்களும் உண்டு.

டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல விபத்து, இடுப்புக்குக் கீழ செயலிழப்பு. சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சார். நியூயார்க்ல ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பினார். 1966-ல வேலூர் சி.எம்.சி.யில மறுவாழ்வு நிலையம் வந்தது. உயிரைக் காப்பாத்தினதோட வைத்தியம் முடியல, மறுபடி வாழ வைக்கணும்கிறதுதான் அதோட அடிப்படை.

6/
1973, பாஸ்டன். டாலின் பார்த்தது சிகிச்சையாகவே மாறுச்சு. சின்னச் சின்ன வாக்கியங்களை ராகம் போட்டுச் சொல்லணும். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால தாளம் தட்டணும். எல்லாருக்கும் பலிக்காது. ஆனா புரிதல் நல்லா இருந்து, பேச்சு மட்டும் வராத சிலருக்கு உதவுது.

நம்ம கரையில வலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டை யோசிச்சுப் பாருங்க. கையும் வாயும் ஒரே தாளத்துல போகும்.

7/
2011-ல ஜெர்மனியில ஒரு சின்ன ஆய்வு. அஃபேசியா உள்ளவங்ககிட்ட படம் காட்டிப் பேர் கேட்டாங்க. உட்கார்ந்து ஒரு தடவை, நின்னுக்கிட்டு ஒரு தடவை. நிக்கும்போது வார்த்தையைத் தேடிப் பிடிக்கிறது கொஞ்சம் சுலபமாச்சு. உடம்பை இயக்குற மூளைப்பகுதி விழிச்சா, பக்கத்துல இருக்கிற பேச்சுக்கும் அது கை கொடுக்கலாம்ங்கிறது கருத்து.

உடற்பயிற்சி மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், நரம்பு இணைப்புகள் வளர உதவுற புரதங்களைத் தூண்டும். ஆனா நடந்தா மட்டும் பேச்சு வந்துடாது. ஸ்பீச் தெரபிதான் சோறு, உடற்பயிற்சி குழம்பு மாதிரி.

8/
அதுக்காக முதல் நாளே தூக்கி நிறுத்திடாதீங்க. 2015-ல வெளியான 'அவெர்ட்' ஆய்வுல 2,104 பக்கவாத நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமா நடமாட வச்சவங்களுக்கு, மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா பலன் குறைவாத்தான் இருந்தது. எப்போ, எவ்வளவுன்னு மருத்துவர்தான் சொல்லணும்.

9/
அவர் நடக்கலாம்னு சொன்ன பிறகு வீட்ல என்ன செய்யலாம்?

- பி.பி., சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க.
- பலமுள்ள ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு தினமும் கரை வரைக்கும் நடக்க வைங்க. நிக்க முடியாதவரை நிமிர்ந்து உட்கார வைங்க.
- போற வழியில படகு, வலை, இறால், நண்டுன்னு காட்டிப் பேர் கேளுங்க. பதிலுக்குக் காத்திருங்க. நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க.
- கத்திப் பேசாதீங்க. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது.
- பழகின பாட்டைச் சேர்ந்து பாடுங்க.
- மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா உடனே நிறுத்திடுங்க.

10/
"பிசியோதெரபிக்கு பஸ் பிடிச்சுத் தினமும் எங்க போறது?" நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர்ற ஏற்பாடு உண்டு. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. ஸ்பீச் தெரபி எங்க கிடைக்கும்னும் சேர்த்தே கேளுங்க.

11/
முகம் கோணினா, கை விழுந்தா, பேச்சு குழறினா 108-ஐக் கூப்பிடுங்க. எப்போ ஆரம்பிச்சதுன்னு நேரத்தைக் குறிச்சுக்கோங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா 4.5 மணி நேரம்தான் கெடு.

12/
கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை 'பாடு' பத்திப் பேசும்போது அவரையும் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க. "எந்த இடம், பெரியவரே?"ன்னு கேளுங்க. வார்த்தை வரலைன்னா விரலை நீட்டிக் காட்டுவார். அதுவும் பேச்சுதான்.

பகிருங்க.